சிசிங்ஹர்ஸ்ட்: கோட்டையும் தோட்டமும்



ஆங்கில நூல்களைத் தமிழாக்கும் பணியில் ஈடுபட்டோர்க்கு அடிக்கடி இடர் விளைக்கும் சொற்களுள் ‘காஸில்’ என்பதும் ஒன்று. அகராதியைப் புரட்டினால் கோட்டை, அரண், அரண்மனை என்று மூன்று பொருள்கள் கிடைக்கின்றன. மூன்றும் சரியே, ஆனால் மூன்றும் ஒன்றல்ல. கோட்டை என்பது பகைவரைத் தடுப்பதற்கு. அரண்மனை என்பது மன்னர் வாழ்வதற்கு. இவ்விரண்டையும் ஒரே சொல்லால் ஆங்கிலேயர் எவ்வாறு குறிக்கத் தொடங்கினர்?

‘காஸ்டெல்லம்’ என்னும் இலத்தீன் சொல்லின் வழி வந்தது அச்சொல். சிறிய அரண் என்பது அதன் பொருள். 1066-ஆம் ஆண்டில் இங்கிலாந்தைக் கைப்பற்றிய நார்மானியர், தோற்ற மக்களை அடக்கி வைப்பதற்கென நாடெங்கும் மண்மேடுகளையும் மதில்களையும் எழுப்பினர். டோவர், ராச்செஸ்டர் முதலிய ஊர்களில் இன்று நாம் காணும் பெருங்கோட்டைகள் அந்த வழியில் தோன்றியவை. பீரங்கி வலிமை பெற்ற பின்னர் மதிலின் பெருமை குன்றியது. உள்நாட்டில் அமைதி நிலவியபோது அதன் தேவையும் குன்றியது. ஆனால் பெயர் மட்டும் நிலைத்தது. பிரபுக்கள் வாழ்ந்த மாளிகைகள் பலவற்றுக்கும் அப்பெயரே வழங்கலாயிற்று.

இன்று நாம் கூறவிருப்பது அவ்வாறு பெயர் பெற்ற இடங்களுள் மிகவும் விந்தையான ஒன்றைப் பற்றி. அதன் பெயர் சிசிங்ஹர்ஸ்ட். போருக்கெனக் கட்டப்பட்ட கோட்டையாக அது ஒருநாளும் இருந்ததில்லை. எனினும் உலகெங்கும் அதைச் ‘சிசிங்ஹர்ஸ்ட் கோட்டைத் தோட்டம்’ என்றே அழைக்கின்றனர். அப்பெயரைச் சூட்டியவர்கள் அரசர்களோ பிரபுக்களோ அல்லர். அங்கே அடைபட்டுக் கிடந்த சிறைக் கைதிகள் என்று கூறுவர்.

சிசிங்ஹர்ஸ்ட், இங்கிலாந்தின் தென்கிழக்கு மூலையில் உள்ள கென்ட் மாவட்டத்தைச் சேர்ந்தது. லண்டனிலிருந்து ரயிலேறி, ஏறத்தாழ ஒரு மணி நேரத்தில் ஸ்டேப்பிள்ஹர்ஸ்ட் என்னும் சிறு நிலையத்தை அடையலாம். அங்கிருந்து சில மைல் தொலைவு சாலை வழியே செல்லவேண்டும். முற்காலத்தில் இப்பகுதி முழுவதும் அடர்ந்த காடு. ‘ஹர்ஸ்ட்’ என்று முடியும் ஊர்ப் பெயர்கள் எல்லாம் மரஞ்செறிந்த மேட்டு நிலத்தைக் குறிப்பவையே; நம் நாட்டில் ‘காடு’ என்று முடியும் ஊர்ப் பெயர்களை இவை நினைவூட்டுகின்றன. இன்று காடு குறைந்து, வயல்களும் பழத்தோட்டங்களும் மிகுந்துள்ளன. ஆங்காங்கே கூம்பு வடிவான கூரையும், அதன் உச்சியில் வெண்மையான மூடியும் கொண்ட கட்டடங்கள் தென்படுகின்றன. பீர் தயாரிப்பதற்கு வேண்டிய ஹாப் கொடியின் பூக்களை உலர்த்துவதற்காகக் கட்டப்பட்டவை அவை. சிசிங்ஹர்ஸ்ட் பண்ணையின் முற்றத்திலும் அத்தகைய கட்டடங்கள் வரிசையாக நிற்கின்றன.

நாம் அங்குச் சென்றது ஒரு ஜூன் மாதத்தின் இறுதியில். கோட்டை என்றதும் கருங்கல் மதிலை எதிர்பார்த்துச் செல்வோர்க்கு அங்கே காத்திருப்பது இளஞ்சிவப்புச் செங்கல். நீண்டு தாழ்ந்த ஒரு முகப்புக் கட்டடம். அதன் நடுவே ஒரு வளைவு வாயில். வாயிலைக் கடந்தால் புல்வெளி. புல்வெளிக்கு அப்பால், இரு பக்கமும் எண்கோணச் சிறுகோபுரங்கள் ஒட்டி நிற்க, தன்னந்தனியே உயர்ந்து நிற்கும் ஓர் உயர்மாடம். இவ்வளவே. மதில் இல்லை, கொத்தளம் இல்லை. திருவள்ளுவர் நீர், நிலம், மலை, காடு ஆகிய நான்கையும் அரண் எனக் கூறினார். அவற்றுள் இங்கே எஞ்சியிருப்பது அகழி நீர் ஒன்றுதான். அதுவும் இரு பக்கங்களில் மட்டும், பழமரச் சோலையின் ஓரமாக அமைதியுடன் கிடக்கிறது.

அகழி, இடைக்காலத்தில் அங்கிருந்த ஒரு பண்ணை மாளிகையின் எச்சம். பின்னர் அவ்விடம் பேக்கர் குடும்பத்தின் கைக்கு வந்தது. அக்குடும்பத்தைச் சேர்ந்த சர் ஜான் பேக்கர், எட்டாம் ஹென்றி, ஆறாம் எட்வர்டு, முதலாம் மேரி ஆகிய மூவர் ஆட்சியிலும் நிதிப் பொறுப்பு வகித்தவர். மேரியின் காலத்தில் புராட்டஸ்டண்டு மதத்தினரைக் கொடுமைப்படுத்தினார் என்று மக்கள் அவரை இரத்தக்கறை படிந்தவராக நினைவில் வைத்திருந்தனர். அவர் மகன் சர் ரிச்சர்டு பேக்கர், 1560-களில், முற்றங்கள் சூழ்ந்த பெரிய மாளிகை ஒன்றை எழுப்பினார். நாம் கண்ட உயர்மாடம் அவர் கட்டியதே. அதன் நோக்கம் பகைவரைக் கண்காணிப்பதன்று; விருந்தினர்கள் மேலேறி வேட்டைக் காட்டின் அழகைக் கண்டு களிப்பதே. 1573-ஆம் ஆண்டில் முதலாம் எலிசபெத் அரசி அங்கே வந்து தங்கினார்.

அரசி தங்கிய மாளிகை, இருநூறு ஆண்டுகளுக்குள் சிறைச்சாலையாயிற்று. 1756 முதல் 1763 வரை நடைபெற்ற ஏழாண்டுப் போரை நம்மவர் அறிவர். 1760 ஜனவரியில் வந்தவாசியில் பிரெஞ்சுப் படை தோற்றதும், மறு ஆண்டு ஜனவரியில் புதுச்சேரி ஆங்கிலேயர் வசமானதும் அந்தப் போரின் கீழ்நாட்டு நிகழ்ச்சிகளே. கடலில் பிடிபட்ட பிரெஞ்சு மாலுமிகளை ஆங்கிலேயர் தம் நாட்டுக்குக் கொண்டுவந்து, சிதைந்துகொண்டிருந்த சிசிங்ஹர்ஸ்ட் மாளிகையில் அடைத்தனர். ஒரு காலத்தில் மூவாயிரம் பேர் வரை அங்கே நெருக்குண்டு கிடந்தனர். காவலுக்கு நின்ற குடிப்படை அதிகாரிகளுள் ஒருவர் எட்வர்டு கிப்பன். பிற்காலத்தில் ரோமாபுரிப் பேரரசின் வீழ்ச்சியை எழுதிப் புகழ் பெற்ற அதே வரலாற்றாசிரியர்.

பிரெஞ்சு மொழியில் ‘ஷாத்தோ’ என்றொரு சொல் உண்டு. அதுவும் ‘காஸ்டெல்லம்’ என்னும் அதே இலத்தீன் வேரிலிருந்து வந்ததே. கோட்டைக்கும் அச்சொல் பொருந்தும். நாட்டுப்புறத்துப் பெருமாளிகைக்கும் அது பொருந்தும். கைதிகள் தம் சிறையை ‘ஷாத்தோ’ என்று அழைத்தனர். அதைக் கேட்ட ஆங்கிலேயர், தம் மொழியில் ‘காஸில்’ என்று மாற்றிக்கொண்டனர். மாளிகை என்று ஒருவர் சொன்னதை மற்றவர் கோட்டையாகக் கேட்டார். மொழிபெயர்ப்பால் கட்டப்பட்ட கோட்டை என்று இதனைக் கூறினால் மிகையாகாது. கைதிகளின் வாழ்க்கையோ வேறு. பசியும் நெருக்கமும் குளிரும் அவர்களை வாட்டின. கதவுகளையும் சன்னல்களையும் உடைத்து எரித்துக் குளிர் காய்ந்தனர். உயர்மாடத்தின் சுவர்களில் அவர்கள் கீறிய எழுத்துகள் இன்றும் உள்ளன.

போர் முடிந்தபின் எஞ்சியது பாழ்மனை. 1800-ஆம் ஆண்டை ஒட்டி அதன் பெரும்பகுதி இடிக்கப்பட்டது. உள்ளூர்த் திருச்சபை வட்டத்தார் எஞ்சிய கட்டடங்களைக் குத்தகைக்கு எடுத்து, ஏழை மக்களுக்கு வேலையும் தங்குமிடமும் அளிக்கும் இல்லமாக 1855 வரை நடத்தினர். அதன் பின்னர்ப் பண்ணைத் தொழிலாளர் குடும்பங்கள் அங்கே குடியிருந்தன. அரசி, கைதி, ஏழை, உழவன் என்று நால்வகைப்பட்ட மக்களுக்கும் அந்தச் செங்கற்சுவர்கள் மாறி மாறி நிழல் தந்தன.

1930-ஆம் ஆண்டு ஏப்ரலில் அப்பாழ்மனையைக் காண ஒரு பெண்மணி வந்தார். அவர் பெயர் வீட்டா சாக்வில்-வெஸ்ட். கவிஞர்; நாவலாசிரியர். அவருடைய ‘தி லாண்ட்’ என்னும் நெடும்பாடல் 1927-இல் ஹாதார்ன்டன் பரிசு பெற்றிருந்தது. அவர் கணவர் ஹெரால்டு நிக்கல்சன், வெளிநாட்டுத் தூதரகங்களில் பணியாற்றி விலகியவர், எழுத்தாளர். இருவரும் சேர்ந்து 12,375 பவுனுக்கு அந்த இடத்தை வாங்கினர். மின்சாரமில்லை, குழாய் நீர் இல்லை, குடியிருக்கத்தக்க அறை ஒன்றும் இல்லை. பழைய கட்டில்களும் துருப்பிடித்த இரும்புகளும் முட்புதரும் எங்கும் மண்டிக் கிடந்தன. வசதி படைத்த ஒருவர் இத்தகைய இடத்தை ஏன் விரும்பவேண்டும்?

அதற்கு விடை, அதே கென்ட் மாவட்டத்தில் உள்ள நோல் என்னும் பெருமாளிகையில் இருக்கிறது. வீட்டா 1892-இல் அங்கே பிறந்தார். பெற்றோர்க்கு அவர் ஒரே குழந்தை. ஆண்டின் நாட்களுக்கு ஒன்றாக அம்மாளிகையில் 365 அறைகள் உண்டு என்பது வழக்குரை. அதன் ஒவ்வொரு தாழ்வாரமும் ஒவ்வொரு படமும் அவருக்கு மனப்பாடம். அதன் வரலாற்றை எழுதியவரும் அவரே. ஆனால் 1928-இல் தந்தை இறந்தபோது நோல் அவருக்குக் கிடைக்கவில்லை. பட்டமும் சொத்தும் ஆண் வழியிலேயே செல்லவேண்டும் என்பது குடும்ப ஏற்பாடு. தந்தையின் தம்பிக்கு மாளிகை சென்றது. மகள் வெளியேறினார். அதே ஆண்டில் அவருடைய நெருங்கிய தோழி வர்ஜீனியா உல்ஃப், ‘ஆர்லாண்டோ’ என்னும் நாவலை வெளியிட்டு, அதை வீட்டாவுக்கே காணிக்கையாக்கினார். ஆணாயிருந்து பெண்ணாக மாறிய ஒருவர் தம் மாளிகையின் மீதுள்ள உரிமைக்காக வழக்காடுவதும் அக்கதையில் வருகிறது. நாவலில் கிடைத்த மாளிகை உலகில் கிடைக்கவில்லை.

இதைக் கேட்கும் நம் நாட்டுப் பெண்மணிகளுக்கு இக்கதை அயலானதாகத் தோன்றாது. மகள் என்பதற்காகவே பிறந்த வீட்டுச் சொத்தில் உரிமை மறுக்கப்பட்டவர்கள் இங்கே எண்ணற்றவர். 1956-ஆம் ஆண்டின் இந்து வாரிசுரிமைச் சட்டம் தந்தையின் தனிச் சொத்தில் மகளுக்கும் பங்கு தந்தது. கூட்டுக் குடும்பச் சொத்தில் மகனுக்கு உள்ளது போலவே மகளுக்கும் பிறப்புரிமை உண்டு என்பது நாடு முழுவதற்கும் சட்டமானது 2005-ஆம் ஆண்டில்தான். இங்கிலாந்தின் மணிமுடி உரிமையிலும் தம்பிக்குப் பின்னால் அக்காள் நிற்கும் நிலையை மாற்றியது 2013-ஆம் ஆண்டின் சட்டமே. எனவே, எந்த நாட்டாரும் மற்ற நாட்டாரை நோக்கி நகைப்பதற்கு இதில் இடமில்லை.

நோலை இழந்த வீட்டா சிசிங்ஹர்ஸ்டைத் தேர்ந்தெடுத்ததற்கு மற்றொரு காரணமும் உண்டு. பழைய சர் ஜான் பேக்கரின் மகள் ஒருத்தி, நோலின் சாக்வில் குடும்பத்தில் மணம் புரிந்தவள். ஆகவே பேக்கர் குடும்பத்தின் இரத்தம் வீட்டாவிடமும் ஓடியது. மகன் வழியே இழந்ததை மகள் வழியே மீட்டார் என்று நாம் இதனைக் கருதலாம்.

அங்கே இடிந்த மாளிகையை மீண்டும் கட்ட அவர்கள் முயலவில்லை. எஞ்சிய துண்டுகளிலேயே வாழ்ந்தனர். உயர்மாடத்தின் முதல் மாடி, வீட்டாவின் எழுத்தறை. உறங்குவது தெற்குக் குடிலில். பிள்ளைகளின் அறைகளும் உணவுக்கூடமும் குருமனை என்னும் மற்றொரு சிறு கட்டடத்தில். நூலகம் முகப்புக் கட்டடத்தின் ஒரு பகுதியில். ஓர் அறையிலிருந்து மற்றோர் அறைக்குச் செல்லவேண்டுமாயின், மழையாயினும் பனியாயினும், தோட்டத்தின் ஊடேதான் செல்லவேண்டும். வேறு வீடுகளில் தாழ்வாரம் செய்யும் பணியை அங்கே தோட்டப் பாதைகள் செய்தன. இதனை உணர்ந்தால்தான் அத்தோட்டத்தின் அமைப்பு நமக்குப் புலப்படும். வீட்டைச் சுற்றி அமைந்த தோட்டமன்று அது; தோட்டமே அவர்களது வீடு.

உயர்மாடத்தின் 78 படிகளில் ஏறி மேற்றளத்தில் நின்றால் அவ்வமைப்பு முழுவதும் கண்முன் விரிகிறது. வழியில் வீட்டாவின் எழுத்தறையைக் கம்பிக் கதவின் ஊடே காண்கிறோம். வேறோர் அறையில் உல்ஃப் தம்பதியர் தம் ஹோகார்த் அச்சகத்தில் பயன்படுத்திய அச்சுப் பொறி வைக்கப்பட்டுள்ளது. மேலே சென்றதும் நான்கு திசையிலும் காடும் வயலும். காலடியில் பச்சை வேலிகளாலும் செங்கற்சுவர்களாலும் பிரிக்கப்பட்ட அறைகள் பல. ரோஜா அறை ஒன்று. மூலிகை அறை ஒன்று. மாலை வானத்தின் செம்மையும் மஞ்சளும் மட்டுமே கொண்ட குடில் தோட்டம் ஒன்று. ஹேசல் கொட்டை மரங்களின் நிழற்சோலை ஒன்று.

கோடுகளை வரைந்தவர் கணவர். அவற்றுள் வண்ணம் நிரப்பியவர் மனைவி. ஹெரால்டின் பணி எளிதாயிருக்கவில்லை. பல நூற்றாண்டுகளில் பலர் கட்டிய சுவர்கள் ஒன்றுக்கொன்று செங்கோணத்தில் சந்திப்பதில்லை. முற்றமே கோணலானது. அக்கோணல்களைக் கண்ணுக்குத் தெரியாதவாறு வேலிகளாலும் பாதைகளாலும் மறைத்து, எந்தப் பாதையில் நின்றாலும் அதன் முடிவில் ஒரு சிலையோ ஒரு மரமோ ஒரு வளைவோ தெரியும்படி அவர் அமைத்தார். ரோஜாத் தோட்டத்தின் நடுவே, யூ மரங்களை வட்டமாக நட்டுக் கத்தரித்த பச்சைச் சுவர் ஒன்று உள்ளது. ஹாப் பூ உலர்த்தும் வட்டக் களத்துக்குக் கென்ட் மக்கள் வழங்கும் ‘ராண்டல்’ என்னும் பெயரையே அதற்கும் இட்டனர். ‘லைம் நடை’ என்று ஒரு பகுதி உண்டு. லைம் என்றதும் நம்மவர் எலுமிச்சையை எண்ணுவர். இது அதுவன்று, குளிர் நாடுகளில் ஓங்கி வளரும் வேறொரு மரம். கிளைகளை ஒன்றோடொன்று பின்னி, கால்கள் மேல் நிற்கும் வேலி போல அமைத்திருக்கிறார்கள். அதன் கீழே வசந்த காலத்தில் பூக்கும் சிறு கிழங்குச் செடிகளை ஹெரால்டு தாமே தேர்ந்து நட்டார்.

வீட்டாவின் கை வேறு வகையானது. கணவர் வகுத்த நேர்கோடுகளுக்குள் அவர் அளவின்றிப் பொழிந்தார். வழக்கொழிந்துகொண்டிருந்த பழைய ரோஜா இனங்களைத் தேடிப் பிடித்துச் சேர்த்தார். கொடிகளைச் சுவரில் ஏறவிட்டார்; மரங்களின் மீதும் ஏறவிட்டார். தானே முளைத்த செடியைப் பிடுங்க அவருக்கு மனமிருப்பதில்லை. நெருக்கமாகப் பூத்துச் சரிந்து கிடக்கும் அந்த வளத்தைப் பச்சைச் சுவர்களின் ஒழுங்கு தாங்கி நிற்கிறது. ஒழுங்கு இல்லாவிடில் அது காடு. வளம் இல்லாவிடில் அது வெறும் வரைபடம்.

வெண்தோட்டம் என்பது அங்குள்ள அறைகளுள் பெரும்புகழ் பெற்றது. 1950-ஆம் ஆண்டை ஒட்டி நடப்பட்டது. அதில் வெண்மை, பசுமை, வெள்ளி போன்ற சாம்பல் நிறம் ஆகியவையன்றி வேறு நிறத்துக்கு இடமில்லை. வெண்ணிற லில்லி, டெல்பினியம், ஃபாக்ஸ்கிளவ் ஆகியவை சாம்பல் நிற இலைகளுக்கிடையே எழுந்து நிற்கின்றன. நடுவே இரும்புப் பந்தல் ஒன்றின் மீது காட்டு ரோஜாக் கொடி ஒன்று, ஜூன் இறுதியிலும் ஜூலைத் தொடக்கத்திலும் முகில் படிந்தாற்போலப் பூத்துக் கவிகிறது. நாம் சென்றபோது அது பூக்கத் தொடங்கியிருந்தது. அத்தனை பேர் அங்கே நின்றிருந்தும் எவரும் உரத்துப் பேசவில்லை. இரவு உணவை முடித்துக்கொண்டு குருமனையிலிருந்து உறங்கச் செல்லும் குடும்பத்தினர் இவ்வழியேதான் நடந்தனர். இருளில் மற்ற நிறங்கள் மறைந்தாலும் வெண்மை மறையாது. அந்தி மயங்கும் வேளையில் வெண்ணிறக் கூகை ஒன்று அதன் மீது தாழப் பறந்து செல்வதை வீட்டா கற்பனையில் கண்டு எழுதினார்.

இத்தகைய அடைப்புத் தோட்டத்தின் மூலத்தைத் தேடினால் நாம் கீழ்நாடுகளுக்கே வந்து சேர்கிறோம். ஆங்கிலத்தில் சுவர்க்கத்தைக் குறிக்கும் ‘பாரடைஸ்’ என்னும் சொல், சுவர் சூழ்ந்த இடம் என்று பொருள்படும் பழைய ஈரானியச் சொல்லிலிருந்து பிறந்தது. ஹெரால்டு டெஹ்ரானில் தூதரகப் பணியில் இருந்தபோது, 1926-இல் வீட்டா எகிப்து, இந்தியா வழியாக அங்குச் சென்றார். பாரசீகத் தோட்டங்களைப் பற்றி எழுதவும் செய்தார். சிசிங்ஹர்ஸ்டுக்கு முன்னர் அவர்கள் வாழ்ந்த வீட்டின் தோட்ட அமைப்பில் துணை புரிந்தவர் எட்வின் லுட்யன்ஸ். தில்லியில் இன்று குடியரசுத் தலைவர் மாளிகையாக விளங்கும் கட்டடத்தையும் அதன் மொகலாயப் பாணித் தோட்டத்தையும் வகுத்த அதே கட்டடக் கலைஞர். நாற்புறமும் அடைத்து, உள்ளே நறுமணத்தையும் நிழலையும் தேக்கி வைக்கும் கருத்து, நாடுகளைக் கடந்து சென்ற ஒன்று. கோட்டை, சுவர்க்கம் ஆகிய இரு சொற்களின் அடியிலும் ஒரு மதில் நிற்கிறது என்பது சிந்திக்கத்தக்கது.

1938-இல் தோட்டம் பொதுமக்களுக்குத் திறந்துவிடப்பட்டது. கட்டணம் ஒரு ஷில்லிங். வருவோரை வீட்டா ‘ஷில்லிங்கார்கள்’ என்று வேடிக்கையாகக் குறிப்பிடுவது வழக்கம். அடுத்த ஆண்டிலேயே உலகப் போர் மூண்டது. உயர்மாடம் வானத்தைக் கண்காணிக்கும் இடமாயிற்று. இருநூறு ஆண்டுகளில் அது ஒரு கோட்டையின் வேலையைச் செய்தது அப்போதுதான். தோட்டக்காரர்கள் படைக்குச் சென்றனர். புல்வெளிகள் வைக்கோலுக்கு விடப்பட்டன. தலைமைத் தோட்டக்காரர் விமானப் படைக்குப் புறப்பட்டபோது, வேலிகளை மட்டும் காத்து வாருங்கள், மற்றவற்றைப் பின்னர் மீட்டுக்கொள்ளலாம் என்று சொல்லிச் சென்றார் என்பர். ஆழ்ந்த அறிவுரை அது. பூவைப் புதிதாக ஓராண்டில் வளர்க்கலாம். ஆனால் வடிவம் இழந்த யூ வேலியை மீட்கப் பல ஆண்டுகள் தேவை. போர் முடிந்தபின் தோட்டம் மீண்டது அவ்வேலிகளின் நிழலிலேதான்.

1959-இல் பமீலா ஷ்வெர்ட், சிபில் க்ரூட்ஸ்பர்கர் என்னும் இரு பெண்கள் தலைமைத் தோட்டப் பொறுப்பை ஏற்றனர். வீட்டா 1962-இல் மறைந்தார். ஹெரால்டு 1968-இல் மறைந்தார். தோட்டக்காரப் பெண்கள் இருவரும் 1990 வரை அங்கேயே பணி புரிந்தனர். உரிமையாளர் வாழ்ந்து நட்ட காலத்தைப் போன்று ஏறத்தாழ அதே நீண்ட காலம் இவர்கள் அதைக் காத்தனர். புகழ் எழுத்தாளருக்குச் சென்றது. ஆயினும் இன்று நாம் காணும் தோட்டத்தில் பெரும்பகுதி இவர்களுடைய கைகளின் உழைப்பு என்பதை மறத்தலாகாது.

சாவு வரி என்னும் பெருஞ்சுமை வந்தபோது, மகன் நைஜல் நிக்கல்சன் 1967-இல் சிசிங்ஹர்ஸ்டை நாஷனல் டிரஸ்ட் என்னும் அறநிலையத்திடம் ஒப்படைத்தார். 1895-இல் மூவரால் தொடங்கப்பட்ட அந்த அமைப்புக்கு, 1907-ஆம் ஆண்டின் சட்டம் ஓர் அரிய ஆற்றலை அளித்தது. விற்கவோ அடகு வைக்கவோ கூடாதது என்று அது ஒரு சொத்தை அறிவித்துவிட்டால், நாடாளுமன்றத்தின் இசைவின்றி எவரும் அதனைக் கைப்பற்ற இயலாது. வீட்டா தம் வாழ்நாளில் இந்த ஏற்பாட்டைக் கடுமையாக வெறுத்தார். ஒரு முறை வீட்டை இழந்தவர், இரண்டாம் முறையும் இழக்க மனங்கொள்ளவில்லை. அவர் உள்ளத்தை நாம் குறை கூறுவதற்கில்லை. ஆயினும் நோலும் சிசிங்ஹர்ஸ்டும் இன்று அதே அறநிலையத்தின் பொறுப்பில் இருக்கின்றன. நுழைவுச்சீட்டு பெற்ற எவரும் இரண்டிலும் நுழையலாம். மகன், மகள் என்ற வேறுபாடு அந்த வாயிலில் இல்லை.

இங்கே ஒரு வினா எழுகிறது. ஆண்டுதோறும் லட்சத்துக்கு மேற்பட்டோர் நடந்து செல்லும் இடமாக அது மாறியபோது, புற்பாதைகள் தேய்ந்தன; அவற்றைக் கல்லாலும் செங்கல்லாலும் பரப்பவேண்டியதாயிற்று. வீட்டா நட்ட செடிகளில் பல பட்டுப்போயின, புதியவை நடப்பட்டன. கிரேக்க நாட்டின் டீலோஸ் தீவைக் கண்டு வந்த நினைவாக 1930-களில் அவர்கள் அமைக்க முயன்று, கென்டின் குளிரால் நிறைவேறாத ஒரு பகுதி, டான் பியர்சன் என்னும் தோட்டக் கலைஞரால் 2021-இல் புதிதாக அமைக்கப்பட்டது. அப்படியானால் இன்று நாம் காண்பது வீட்டாவின் தோட்டமா, அன்றா?

அவர் விட்டுச் சென்ற நாளில் இருந்தவாறே ஒவ்வொரு செடியையும் நிறுத்தி வைக்கவேண்டும் என்பார் சிலர். அவரோ ஆண்டுக்கு ஆண்டு மாற்றிக்கொண்டே இருந்தவர். எனவே மாற்றுவதே அவருக்குச் செய்யும் நன்றி என்பார் வேறு சிலர். மொழிபெயர்ப்பாளர் நாள்தோறும் சந்திக்கும் வழக்கு இதுவே. சொல்லுக்குச் சொல் வைத்தால் மூலத்தின் உயிர் போகிறது. உயிரைப் பிடிக்கிறோம் என்று மனம்போனபடி எழுதினால் மூலமே போகிறது. எது மாறலாம், எது மாறலாகாது என்று பிரித்தறிவதே அக்கலையின் உயிர்நாடி. சிசிங்ஹர்ஸ்டில் பூக்கள் மாறலாம். அவற்றைத் தாங்கும் கோடுகள் மாறலாகாது என்பது நம் கருத்து. போர்க்காலத்துத் தோட்டக்காரர் அதனை அன்றே அறிந்திருந்தார்.

நம் நாட்டிலும் பாழடைந்த கோட்டைகளும் வற்றிய அகழிகளும் பராமரிப்பார் அற்ற சோலைகளும் ஏராளம். அவற்றைக் காப்பதென்றால் சுவருக்குச் சுண்ணாம்பு அடித்து, அறிவிப்புப் பலகை நட்டுவிடுவது என்று நாம் பெரும்பாலும் எண்ணிவிடுகிறோம். கட்டடத்தை ஒரு முறை பழுது பார்த்துப் பல ஆண்டு வாளாவிருக்கலாம். தோட்டம் அவ்வாறு விடாது. ஒரு பருவம் கைவிட்டால் களை வரும். பத்துப் பருவம் கைவிட்டால் தோட்டம் என்ற பெயரே போகும். பணம் வேண்டும் என்பது மெய். அதைவிட, செடியை அறிந்த கைகள் தலைமுறை தலைமுறையாக வேண்டும். அவர்களுக்கு ஊதியமும் மதிப்பும் வேண்டும்.

நாம் வெளியேறிய மாலையில் ரோஜாத் தோட்டத்தில் இளைஞர் இருவர் வாடிய பூக்களை ஒவ்வொன்றாகக் கிள்ளிக் கூடையில் இட்டுக்கொண்டிருந்தனர். பார்வையாளர் யாரும் அவர்களை நோக்கவில்லை. மறுநாள் காலையில் வருவோர், புதிதாக மலர்ந்த பூக்களை மட்டுமே காண்பர்.